ஒரு பக்கக் கணக்கு: மொரீஷியஸ் தீவின் வௌவாலிடம் வியாபாரி கற்கும் பாடம்



வியாபாரம் பழக வந்த பையனுக்கு முதலாளி கற்றுத் தரும் பாடங்களில் முதன்மையானது எது? தராசு பிடிப்பதா? பொட்டலம் மடிப்பதா? இரண்டும் அல்ல. பேரேட்டில் பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம். இரண்டையும் எழுதினால்தான் கணக்கு என்பதே அந்தப் பாடமாகும். போனதை மட்டும் எழுதி, வந்ததை எழுதாமல் விட்டவன் என்ன நினைப்பான்? "கடை நஷ்டத்தில் ஓடுகிறது" என்று நினைத்து, நல்ல கடையைத் தன் கையாலேயே பூட்டிவிடுவான்.

இப்படி ஒரு பக்கக் கணக்கு எழுதிய ஒரு தீவின் வரலாற்றை இந்த இதழில் சொல்ல வந்திருக்கிறேன். நான் ஆலிமும் அல்லன், பட்டதாரியும் அல்லன். மதரஸாவில் ஓதியதும் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்ததுமே என் கல்வி. ஆயினும் இந்த விஷயம் என் வீட்டுக் கொல்லைப்புறத்திலேயே நடந்ததால், அதைப் பற்றிப் படிக்கவும் கேட்கவும் வேண்டியதாயிற்று. படித்ததை உங்களோடு பங்கிட்டுக் கொள்கிறேன்.

மரத்தடியில் நடந்தது

ஜாசினுக்கு அப்பால் ஒரு சிறு பட்டணத்தில் எனக்கு மளிகைக் கடை. கடையின் பின்புறம் என் தகப்பனார் வைத்த ரம்புத்தான் மரம் ஒன்று உண்டு. பருவ காலத்தில் பழங்களைக் கொத்தாகக் கட்டி வாசல் பலகையில் வைத்தால், தோட்டத்து ஜனங்கள் வேலை முடிந்து போகிற வழியில் வாங்கிச் செல்வார்கள். பெரிய வருமானம் அல்ல. பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவுக்கு ஒரு கைத்துணை, அவ்வளவுதான்.

சில வருஷங்களுக்கு முன், ஒரு பருவத்தில், பழம் சிவக்கச் சிவக்க வௌவால்கள் இரவில் வந்து தின்று தீர்த்தன. விடிந்தால் மரத்தடி முழுவதும் தோலும் கொட்டையும். எனக்குக் கோபம் பொறுக்கவில்லை. பழைய நைலான் மீன்வலை ஒன்றை வாங்கி மரத்தின்மேல் தொளதொளவென்று வீசிவிட்டேன்.

மூன்றாம் நாள் சுபுஹுத் தொழுதுவிட்டுப் பின்கட்டுக்குப் போனேன். வலையில் ஒரு வௌவால் சிக்கிக் கிடந்தது. இரவு முழுவதும் உதறியதில் இறக்கையின் தோல் கிழிந்து, நைலான் நூல் எலும்புவரை இறங்கியிருந்தது. அதன் மார்பில் ஒரு குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. பால் குடிக்கும் குட்டி. எனக்குக் கை ஓடவில்லை.

அந்நேரம் சீனி வாங்க வந்த தோட்டத்துப் பெரியவர் ஒருவர் கோணிச் சாக்கைக் கேட்டு வாங்கி, அதனால் வௌவாலை மூடிப் பிடித்து, கத்தரியால் வலையை அறுத்தார். பயன் இல்லை. தாய் வெயில் ஏறுமுன் இறந்தது. குட்டி மாலைவரை இருந்தது. பெரியவர் இளமையில் டுரியான் தோப்புகளில் இராக்காவல் இருந்தவர். போகும்போது அவர் கடிந்து பேசவில்லை. "பாய், நீங்க ரம்புத்தான் கணக்கை மட்டும் எழுதிட்டீங்க. டுரியான் கணக்கை யாரு எழுதுறது?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

அன்றிரவு இதை என் மகளிடம் சொன்னேன். இடைநிலைப் பள்ளியில் படிக்கிறவள். "அத்தா, நீங்கள் ஒரு மரத்துக்குச் செய்ததை ஒரு நாடே செய்திருக்கிறது" என்று சொல்லி, மொரீஷியஸ் தீவின் செய்தியைப் படித்துக் காட்டினாள்.

அந்தத் தீவு

மொரீஷியஸ் இந்து மகா சமுத்திரத்தில், மடகாஸ்கருக்குக் கிழக்கே ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. பரப்பில் நம் மலாக்கா மாநிலத்தைவிடச் சற்றே பெரியது. தமிழர்களுக்கு அது அந்நிய பூமி அல்ல. பிரெஞ்சுக்காரர் ஆண்ட 18ஆம் நூற்றாண்டிலேயே புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கொத்தர்களும் தச்சர்களும் அங்கே போனார்கள். 1834 முதல் ஆங்கிலேயர் ஆட்சியில் ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்கு மேலும் பலர் கப்பலேறினார்கள். நம் முன்னோர் ரப்பர் தோட்டத்துக்கு வந்த கதைக்கு அது மூத்த கதை எனலாம். 1968 மார்ச் 12ஆம் தேதி சுதந்திரம் பெற்ற அந்நாட்டின் ரூபாய் நோட்டில் இன்றும் தமிழ் எழுத்து உண்டு. நாணயமாற்றுத் தொழிலில் உள்ள நம் சகோதரர்கள் இதைக் கையால் தொட்டே பார்த்திருப்பார்கள்.

அந்தத் தீவில் மனிதன் குடியேறியது மிகப் பிந்தியே. 1598இல் டச்சுக்காரர்கள் வந்து இறங்கினார்கள். அப்பொழுது அங்கே டோடோ என்ற பெரிய பறவை இருந்தது. பறக்கத் தெரியாதது, மனிதனைக் கண்டு ஓடவும் தெரியாதது. வந்தவர்கள் கொன்றார்கள், அவர்கள் கொண்டுவந்த பன்றி, எலி, குரங்குகள் முட்டைகளைத் தின்றன. 1662க்குப் பிறகு அதைக் கண்டதாக உறுதியான செய்தி இல்லை. ஒரு நூற்றாண்டு முடியுமுன் ஓர் இனமே முடிந்தது. இராட்சத ஆமைகளும் பெரிய கிளிகளும் அப்படியே போயின. அங்கே வந்து சேர்ந்த குரங்கு வேறு எதுவுமல்ல. நம் தோப்புகளில் திரியும் அதே நீண்ட வால் 'கெரா' குரங்குதான்.

இத்தனையும் அழிந்த பின் காட்டுப் பழங்களைத் தின்று விதை பரப்பும் பெரிய பிராணியாக மிஞ்சியது ஒன்றே. அதுதான் மொரீஷியஸ் பழந்தின்னி வௌவால்.

வௌவாலின் தன்மை

அரைக் கிலோ அளவு எடை, இறக்கை விரித்தால் முக்கால் மீட்டருக்கு மேல் அகலம், நரி போன்ற முகம், பொன்னிற முடி. பகலில் உயர்ந்த மரங்களில் கூட்டமாகத் தலைகீழாகத் தொங்கும். மாலையில் இரை தேடிப் புறப்படும். பெண் வௌவால் வருஷத்துக்கு ஒரே ஒரு குட்டிதான் ஈனும். இதை வியாபாரிகள் குறித்துக் கொள்ள வேண்டும். எலியைப் போல் பெருகும் பிராணி அல்ல இது. கைமுதலில் ஒரு பகுதி போய்விட்டால், அதை மீட்க அநேக வருஷங்கள் பிடிக்கும்.

முன்பு இது பக்கத்து ரீயூனியன் தீவிலும் இருந்தது. அங்கே 18ஆம் நூற்றாண்டிலேயே அழிந்துபோயிற்று. அண்மைக் காலத்தில் மட்டும் ஒரு சிறு கூட்டம் அங்கே மறுபடி காணப்படுகிறது. ஆகவே உலகம் முழுவதிலும் இதன் வீடு என்று சொல்லத்தக்கது மொரீஷியஸ் ஒன்றுதான். இதே தீவில் வாழ்ந்த இன்னொரு சிறிய வௌவாலினம் 19ஆம் நூற்றாண்டில் மறைந்துவிட்டது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

லைச்சிப் பழச் சண்டை

மொரீஷியஸில் அநேக வீடுகளின் முற்றத்தில் லைச்சி மரமும் மாமரமும் உண்டு. நவம்பர், டிசம்பரில் லைச்சி சிவக்கும். ஏழைக் குடும்பத்துக்கு அந்த ஒரு மரத்தின் பழம் ஒரு வருஷத்து ஆதாயம். அந்தப் பழத்தைத் தேடி இரவில் வௌவால் வரும். தின்றது பாதி, தள்ளியது பாதி. விடிந்து பார்க்கிறவனுக்கு வயிறு எரியாதா? எனக்கு எரிந்ததே! ஆகவே அந்த மக்களைக் குறை கூற எனக்கு வாயில்லை. அவர்களுடைய நஷ்டம் மெய்யான நஷ்டம்.

ஆனால் வௌவால் ஏன் ஊருக்குள் வந்தது என்ற கேள்வியும் உண்டல்லவா? அந்தத் தீவில் கெடாமல் மிஞ்சியிருக்கும் பழைய காடு நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. மீதியைக் கரும்பும் கட்டடமும் எடுத்துக்கொண்டன. எஞ்சிய காட்டுக்குள்ளும் வெளிநாட்டிலிருந்து வந்த கொய்யா இனம் ஒன்று புதராக மண்டி, பூர்வீக மரங்களை நெருக்குகிறது; நெருக்கப்பட்ட மரம் குறைவாகவே காய்க்கிறது. உணவுப் பாத்திரத்தைப் பிடுங்கிக் கொண்டவன், பசித்தவன் வாசலில் நிற்கிறான் என்று குற்றம் சொல்வது போலாயிற்று இது.

பழக்காரர்களின் கூக்குரல் பெரிதாயிற்று. 2015இல் அதற்கு வழிவகுக்கும் சட்டம் வந்தது; அந்த வருஷக் கடைசியில் துப்பாக்கிகளோடு படையினர் இறங்கினார்கள். கொல்லத் திட்டமிட்ட தொகை 18,000. அரசாங்கக் கணக்கின்படி கொல்லப்பட்டவை 30,938. அடுத்த வருஷம், 2016இல், மேலும் 7,380. இரண்டையும் கூட்டினால் 38,318. துப்பாக்கி வெடித்த மாதங்கள் குட்டிகள் பால் குடிக்கும் மாதங்கள். தாய் விழுந்தால் குட்டியும் சேர்ந்தே போகும். அது எந்தக் கணக்கிலும் ஏறாது.

இதன் பலனாக 2018இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தன் சிவப்புப் பட்டியலில் இந்த வௌவாலை "அழிவு நெருங்கக்கூடியது" என்ற படியிலிருந்து "அழியும் ஆபத்தில் உள்ளது" என்ற படிக்கு மாற்றி எழுதியது. அதே 2018இல், இருப்பதாக மதிப்பிட்ட 65,000 வௌவால்களில் ஐந்தில் ஒரு பங்கை, அதாவது 13,000ஐ, கொல்ல மறுபடியும் ஆணை பிறந்தது.

வரவுப் பக்கம்

சரி, இத்தனை உயிர்களைக் கொன்ற பின் லைச்சிக்காரனின் கல்லாப்பெட்டி நிறைந்ததா? இதுதானே நம் போன்றவர்கள் கேட்க வேண்டிய கேள்வி!

மொரீஷியஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வின்சென்ட் ஃப்ளோரன்ஸ் என்பவரும், தாவர ஆராய்ச்சியாளர் க்ளாடியா பைடர் என்பவரும் இந்தக் கணக்கை எடுத்துப் பார்த்து 2019இல் வெளியிட்டார்கள். கொலைக்குப் பிறகு பழக்காரர்களின் ஆதாயம் உயரவில்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு. காரணம் புரியாததல்ல. பழத்தைக் கெடுப்பது வௌவால் மட்டும் அல்ல. பறவை, குரங்கு, எலி யாவும் பங்கு கேட்கின்றன. காற்றில் உதிர்வது உண்டு. உயரமான மரத்தில் எட்டாமல் கனிந்து வீணாவது உண்டு. எல்லா நஷ்டத்தையும் ஒரே பெயரில் பற்று எழுதிவிட்டு, அந்தப் பெயரை அடித்துவிட்டால் நஷ்டம் தீர்ந்துவிடுமா?

மறுபுறம் வரவைப் பாருங்கள். வௌவால் பழத்தை வாயில் கவ்விக்கொண்டு தூரத்துக்குப் போய்த் தின்று, பெரிய கொட்டையை அங்கே போட்டுவிடும். சிறு விதைகளை எச்சத்தோடு போடும். இரவு நேரப் பூக்களில் தேன் குடித்து மகரந்தத்தைச் சுமக்கும். ஆமையும் டோடோவும் கிளியும் செய்த வேலையையும் சேர்த்து இன்று இது ஒன்றே செய்து வருகிறது. தீவின் மிஞ்சிய காட்டுக்கு இதுவே நாற்று நடும் கூலியாள். சம்பளம் கேட்காத கூலியாள். காடு இருந்தால்தான் ஓடையில் தண்ணீர் நிற்கும். மலைச்சரிவில் மண் நிற்கும். இந்த வரவை அந்தப் பேரேட்டில் யாரும் எழுதவில்லை.

அப்படியானால் பழக்காரன் என்ன செய்வது? வலை இருக்கிறது. நான் வீசிய வலை அல்ல. சட்டம் கட்டி, இறுக இழுத்து, சிறு கண் உள்ள வலையால் மரத்தை மூடினால் பழமும் தப்பும், பிராணியும் தப்பும். அங்கே ஆராய்ந்தவர்கள் வலை மூடிய மரத்தில் சேதம் மிகக் குறைவு என்று கண்டிருக்கிறார்கள். அரசாங்கமும் வலை வாங்க மானியம் கொடுத்திருக்கிறது. மரத்தைக் கிளை தறித்துத் தாழ்வாக வளர்த்தால் வலை போடுவதும் எளிது, பழம் பறிப்பதும் எளிது. பரிகாரம் கையிலிருந்தும் துப்பாக்கியைத் தேடியது ஏன்? கோபம் கணக்குப் பார்ப்பதில்லை என்பதே காரணம்.

பக்கத்துத் தீவின் நற்செய்தி

மொரீஷியஸுக்கு உட்பட்ட ரொட்ரிக்ஸ் என்ற சிறு தீவு ஒன்று உண்டு. அங்கேயும் அந்த ஒரு தீவில் மட்டுமே வாழும் பொன்னிற வௌவால் இருக்கிறது. காடு அழிந்ததாலும் புயலடித்ததாலும் 1970களில் அது நூற்றுக்கும் குறைவாகக் குறுகிவிட்டது. 1976இல் ஜெரால்டு டரல் என்ற ஆங்கிலேயர் சிலவற்றைப் பிடித்து, தாம் நடத்திய ஜெர்சி விலங்குக் காட்சிசாலையில் வளர்த்துப் பெருக்கினார். தீவில் இருந்த ஜனங்கள் மரம் நட்டார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இதைப் பாடமாகச் சொன்னார்கள். இன்று அங்கே ஏறத்தாழ 20,000 வௌவால்கள் இருக்கின்றன. 2017இல் சிவப்புப் பட்டியலில் ஆபத்தின் உச்சப் படியிலிருந்து ஒரு படி கீழே இறங்கியது அந்த இனம். ஒரே கொடியின் கீழ் இரண்டு தீவுகள்; ஒன்று செலவை மட்டும் எழுதியது, மற்றொன்று முதலைக் காப்பாற்றியது.

நம் நாட்டுக் கணக்கு

இனி பெரியவர் கேட்ட டுரியான் கணக்குக்கு வருவோம். மலாக்காவில் ஓர் ஊருக்கே டுரியான் துங்கால் என்று பெயர். அப்படிப்பட்ட மண்ணில் இருந்துகொண்டு, டுரியான் எப்படிக் காய்க்கிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

டுரியான் பூ மாலையில் விரியும். இருட்டிய பின் தேன் ஊறும். விடிவதற்குள் இதழ் உதிர்ந்துவிடும். பெரும்பாலான டுரியான் வகைகள் தன் மகரந்தத்தால் சரிவரக் காய்ப்பதில்லை. வேறொரு மரத்தின் மகரந்தம் வந்து சேர வேண்டும். இரவில் மரம் விட்டு மரம் தூது போவது யார்? குகைகளில் வாழும் சிறிய தேன் வௌவால்தான் அதில் முக்கியமானது. பெத்தாய்க் காய்க்கும் அப்படியே. உருண்டைப் பூக்கள் நீண்ட காம்பில் தொங்குவது இரவு விருந்தாளியின் வசதிக்காகத்தான். சம்பாலுக்குப் பெத்தாய் விற்கும் கடைக்காரர்களே, உங்கள் சரக்கின் முதல் ஏஜெண்டு வௌவால்!

பத்து மலைக் குகை வௌவால்களை 1970களில் ஆராய்ந்தவர்கள், அவை ஓர் இரவில் முப்பது கிலோமீட்டருக்கு மேல் பறந்து கடலோரச் சதுப்பு மரங்களின் பூவையும் தேடிப் போவதைக் கண்டார்கள். ஏன் அவ்வளவு தூரம்? டுரியான் வருஷத்தில் சில வாரங்களே பூக்கிறது. மற்ற மாதங்களில் அந்த வேலையாளுக்குப் படியளப்பது சதுப்பு மரமும் வாழைப் பூவும். சதுப்புக் காட்டை வெட்டிவிட்டு மலையடித் தோப்பில் காய் குறைந்தது என்று வருந்தினால், குற்றம் யாருடையது?

தியோமான் தீவில் வாழும் பெரிய வௌவாலைப் பற்றியும் ஜனங்கள் "டுரியான் பூவைத் தின்று கெடுக்கிறது" என்றே குறை சொல்லி வந்தார்கள். நம் நாட்டு ஆராய்ச்சியாளர் ஷீமா அப்துல் அஜீஸ் என்ற பெண்மணியும் அவருடைய கூட்டாளிகளும் மரங்களில் காமிரா வைத்து இரவு முழுவதும் பார்த்தார்கள். வௌவால் தேனை நக்கிக் குடித்தது, பூவைக் கெடுக்கவில்லை, காய் பிடிக்க உதவியது. 2017இல் இதை வெளியிட்டார்கள். திருடன் என்று பிடித்தவன் கடைசியில் வேலைக்காரன் என்று தெரிந்தது.

என் ரம்புத்தானைத் தின்றது ஓர் இனம், டுரியான் பூவுக்கு வருவது பெரும்பாலும் வேறோர் இனம் என்பது உண்மையே. ஆயினும் வலையும் துப்பாக்கியும் இனம் பார்ப்பதில்லை. 'கெலுவாங்' என்று மலாய்க்காரர்கள் சொல்லும் பெரிய வௌவாலைப் பாருங்கள். ஜொகூரில் குளுவாங் பட்டணத்துக்கே அதன் பெயர்தான். அந்த இனமும் இன்று உலகச் சிவப்புப் பட்டியலில் அழியும் ஆபத்தில் உள்ளதாக எழுதப்பட்டுவிட்டது.

மறைக்கக் கூடாத பற்று

வரவை மறைப்பது தவறானால் பற்றை மறைப்பதும் தவறே. 1998-99இல் நிப்பா காய்ச்சல் வந்தது நமக்கு மறந்திருக்காது. அப்பொழுது நான் தகப்பனார் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்ற பையன். பக்கத்து மாநிலமான நெகிரி செம்பிலானில் புக்கிட் பெலாண்டோக் பக்கம் ஊரே காலியானது. நாட்டில் 265 பேருக்கு நோய் கண்டு 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. முதலில் கொசுவால் வரும் மூளைக்காய்ச்சல் என்றே நினைத்தார்கள். டாக்டர் சுவா காவ் பிங் என்பவரே இது புதிய கிருமி என்று கண்டறிந்தார். அந்தக் கிருமி பழந்தின்னி வௌவால்களிடம் இயல்பாக இருப்பது என்பதும், தியோமான் வௌவால்களிடமிருந்தே அது எடுக்கப்பட்டதும் பிற்பாடு தெரிந்தன.

ஆனால் அது மனிதனை வந்தடைந்த வழி என்ன? பன்றிப் பண்ணைகளுக்குள்ளேயே பழமரங்களை வைத்தார்கள். வௌவால் கடித்துப் போட்டதைப் பன்றி தின்றது. பன்றியிடமிருந்து மனிதனுக்கு வந்தது. வௌவாலைத் தேடிப் போய்க் கொல்வதும், கையால் பிடிப்பதும் ஆபத்தைக் குறைக்காது, கூட்டும். தூரத்தில் விட்டு வைப்பதே இருவருக்கும் நலம்.

இழுப்பு நோய்க்கு வௌவால் இறைச்சி மருந்து என்ற நம்பிக்கை நம் தோட்டப்புறங்களிலும் உண்டு. அதற்காகச் சுடுகிறவர்களும் இருந்தார்கள். இழுப்புக்கு ஆஸ்பத்திரியில் மருந்து இருக்கிறது, வௌவாலில் இல்லை. நம்மவர்களுக்கோ ஷாஃபிஈ மத்ஹபுச் சட்டப்படி அது உண்ணத் தகாதது என்பதால், "மருந்துக்குத்தானே" என்ற பேச்சுக்கும் இடமில்லை.

தவறான பெயரில் கிடந்த சரக்கு

தாய்நாட்டுச் செய்தி ஒன்றையும் சொல்லி விடுகிறேன். தேனி மாவட்டத்தின் மேகமலைப் பக்கத்தில் 1948இல் ஒரு பழந்தின்னி வௌவால் பிடிக்கப்பட்டு, பம்பாய் அருங்காட்சியகத்தில் சாதாரண இனம் ஒன்றின் பெயரில் வைக்கப்பட்டுவிட்டது. 24 வருஷம் அப்படியே கிடந்தது. 1972இல் தாய்லாந்து அறிஞர் கிட்டி தொங்லொங்யா அதை எடுத்துப் பார்த்து, உலகம் அறியாத புது இனம் என்று கண்டு, பறவையியல் மேதை சாலிம் அலி அவர்களின் பெயரைச் சூட்டினார். மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் அதுவும் இன்று அழியும் ஆபத்தில் உள்ள இனமே. கிடங்கில் இருக்கும் சரக்கை எடுத்துப் பாராதவனுக்கு அதன் மதிப்பு தெரியாது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டுமா?

நாம் செய்யத்தக்கவை

1. வீட்டு மரத்துக்கு மீன்வலையைத் தொங்கவிடாதீர்கள். சட்டத்தில் இறுக இழுத்துக் கட்டிய சிறு கண் வலை போடுங்கள். இல்லையேல் கைக்கெட்டும் கொத்துகளுக்குப் பை கட்டுங்கள்.

2. கிளைகளைத் தறித்து மரத்தைத் தாழ்வாக வளருங்கள். பழுத்ததை நாள் கடத்தாமல் பறியுங்கள்.

3. வௌவால் கடித்த பழத்தை உண்ணாதீர்கள். "கொஞ்சம்தானே" என்று விலை குறைத்து விற்கவும் செய்யாதீர்கள். அது வாங்குகிறவனுக்குச் செய்யும் மோசடி.

4. அடிபட்ட வௌவாலைப் பிள்ளைகள் வெறுங்கையால் தொட விடாதீர்கள். வனவிலங்கு இலாகாவுக்குத் தெரிவியுங்கள்.

5. டுரியான் தோப்பைக் குத்தகைக்கு எடுக்கும் சகோதரர்கள், தோப்புக்காரர் பூக்காலத்தில் வௌவாலைச் சுடவோ வலையில் பிடிக்கவோ செய்கிறாரா என்று கேளுங்கள். செய்தால் எடுத்துச் சொல்லுங்கள். அது உங்கள் முதலைச் சுடுவதாகும்.

சகோதரர்களே! டோடோவை அழித்தவர்களுக்குத் தாங்கள் செய்வது இன்னதென்று தெரியாது. நமக்குத் தெரியும். தெரிந்து எழுதாமல் விட்ட கணக்குக்குத்தான் கேள்வி அதிகம்.

சென்ற பருவத்தில் என் ரம்புத்தான் மரத்தின் கீழ்க் கொத்துகளுக்கு நானும் மகளும் பை கட்டினோம். உச்சிக் கொத்துகளை அப்படியே விட்டுவிட்டோம். இரவில் இறக்கைச் சத்தம் கேட்டது. விடிந்ததும் மரத்தடியில் கொஞ்சம் தோலும் கொட்டையும் கிடந்தன. பெருக்கித் தள்ளிவிட்டுக் கடையைத் திறந்தேன். வாசல் பலகையில் விற்பதற்கு வேண்டிய பழம் இருந்தது.